பச்சை இலை கணக்கும் பைவட் டேபிளும்: கோத்தகிரில இருந்து ஒரு கேள்வி

கோத்தகிரி பக்கம் விவசாயிங்ககிட்ட பச்சை தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புற ஒரு இலை ஏஜென்ட்கிட்ட கணக்கு எழுதுற ஒருத்தர் கேட்டிருக்கார். நோட்டுல இருக்குற மாதிரியே எக்செல்ல விவசாயி பேர் கீழ்வாக்குல, 1ல இருந்து 31 வரைக்கும் தேதி குறுக்கால. பைவட் டேபிள் (வரிகள ஆள்வாரியா கூட்டிக் காட்டுற எக்செல் வசதி) போட்டா 31 தேதியையும் ஒண்ணொண்ணா இழுத்து விட வேண்டியிருக்கு, சில தேதிக்கு சம் (கூட்டுத்தொகை) வராம கவுன்ட் (எண்ணிக்கை) வருது, ஒரே ஆள் ரெண்டு தடவ வர்றார், ஒருத்தர் கணக்குல 45,700 கிலோ ஏறியிருக்கு, என்ன பண்றதுன்னு.

முதல்ல அந்த 45,700. மழை நாள்ல 12 கிலோல ஈரத்துக்கு 2 கழிச்சு 12-2ன்னு அடிச்சிருப்பீங்க, எக்செல் அத 2025 பிப்ரவரி 12ன்னு எடுத்துக்கிச்சு, உள்ளுக்குள்ள தேதிங்கிறது வெறும் நம்பர்தான், அந்த நாளோட நம்பர் 45700. நோட்ட பாத்து 10ன்னு திருப்பி அடிங்க. கவுன்ட் வர்றதுக்கு பெரும்பாலும் காரணம் "38 கிலோ"ன்னு எழுத்தோட சேத்து அடிச்ச செல். எடை இருக்குற செல்ல மட்டும் செலக்ட் பண்ணிட்டு எஃப்5 அழுத்தி ஸ்பெஷல், அதுல கான்ஸ்டன்ட்ஸ், டெக்ஸ்ட் மட்டும் டிக் பண்ணி ஓகே குடுத்தா எழுத்தா கிடக்குறதெல்லாம் மொத்தமா செலக்ட் ஆகும், ஒவ்வொரு செல்லா தேட வேணாம்.

பேர் விஷயம் நம்ம ஊர்ல கொஞ்சம் தனி. ஒரே ஹட்டில (படுகர் ஊர்) பெள்ளிங்கிற பேர்ல மூணு பேர் இருப்பாங்க, அதுல ஒருத்தர ஒருநாள் பெல்லின்னு அடிச்சிருப்பீங்க, இன்னொரு நாள் பேருக்கு பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும், பைவட்டுக்கு அதெல்லாம் வேற வேற ஆள். ஸ்பேஸ ட்ரிம் ஃபார்முலா எடுத்துடும், ஆனா மூணு பெள்ளிய அது பிரிச்சு குடுக்காது. ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடுங்க, வேற வழியே இல்ல.

இப்ப உண்மையான கோளாறு. குறுக்கால 31 தேதிங்கிறது நோட்டுக்கு சரி, பைவட்டுக்கு ஆகாது. அதுக்கு ஒரு எடைக்கு ஒரு வரி வேணும்: தேதி, நம்பர், பேர், எடை, கழிவு, நிகர கிலோ. பழசையெல்லாம் திருப்பி அடிக்க வேணாம், எக்செல் 2016 இல்ல அதுக்கு அப்புறம் வந்ததுன்னா டேட்டா டேப்ல ஃப்ரம் டேபிள் போய் நம்பரையும் பேரையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக்ல அன்பைவட் அதர் காலம்ஸ் குடுங்க, வெத்து செல்லெல்லாம் விட்டுட்டு மீதி வரிவரியா இறங்கிடும். நாள் மட்டும்தான் வரும், அதுல டேட் ஃபார்முலாவால வருஷம் மாசம் சேத்துக்கணும். புதுசா அடிக்கிற ஷீட்ட கன்ட்ரோல் T அழுத்தி டேபிளா மாத்தி, அந்த டேபிள்ல இருந்து பைவட் போடுங்க, நாளைக்கு சேக்குற வரியும் ரேஞ்சுக்குள்ள வந்துடும்.

ரூபா கணக்குலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. பைவட்டுக்குள்ள கால்குலேட்டட் ஃபீல்டுன்னு ஒண்ணு இருக்கு, கிலோவ விலையால பெருக்குன்னு அதுல எழுதத் தோணும், எழுதாதீங்க. அது வரிவரியா பெருக்காது, கிலோவ தனியா கூட்டி விலைய தனியா கூட்டி அப்புறம் பெருக்கும். ஒருத்தர் 40 கிலோ, 60 கிலோன்னு ரெண்டு தடவ போட்டிருக்கார், விலை 20 ரூபான்னு வச்சுக்கோங்க, வர வேண்டியது 2,000. அது 100 கிலோவ 40 ரூபாயால பெருக்கி 4,000 காட்டும், ஏஜென்ட் கதை முடிஞ்சது.

அதனால தொகைய டேபிள்லயே போடுங்க. மாசம் முடிஞ்சாதான் விலை தெரியும்ங்கிறதால விலைக்கு தனி ஷீட், ஒவ்வொரு மாசத்து 1ஆம் தேதியும் அதுக்கு நேரா விலையும். இலை வரியில தேதில இருந்து டே(தேதி)ய கழிச்சு 1 கூட்டினா அந்த மாசத்து 1ஆம் தேதி வந்துடும், அத வச்சு எக்ஸ்லுக்கப் விலைய எடுத்துட்டு வரும். 2021க்கு முந்தின எக்செல்ல அது கிடையாது, விலுக்கப் போடுங்க, கடைசில ஃபால்ஸ் கட்டாயம், இல்லேன்னா விலை போடாத மாசத்துக்கு போன மாச விலைய எடுத்து வச்சுட்டு சத்தமில்லாம இருக்கும். விலை வந்ததும் ஒரே ஒரு செல்ல அடிச்சு கன்ட்ரோல் ஆல்ட் எஃப்5, எல்லா பைவட்டும் ரெஃப்ரெஷ் ஆகும், அது தானா ஆகாது.

யாராவது வந்து "எனக்கு இவ்வளவுதானா"ன்னு கேட்டா பைவட்ல அவர் மொத்தத்து மேல டபுள் கிளிக் பண்ணுங்க, அவரோட எடை வரிகள் மட்டும் தனி ஷீட்ல வரும், பிரின்ட் எடுத்து கையில குடுத்துட்டு அந்த ஷீட்ட டெலீட் பண்ணிடுங்க.