பழைய மோட்டார்ஹோம்: வாங்கும் முன்

பிரிட்டனில் இரண்டு குழந்தைகளோடு, 18,000 பவுண்டுக்கு 2005 மாடல் ஆறு படுக்கை டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வீட்டு வண்டி) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சீட் பெல்ட்டை எண்ணுங்கள். ஆறு படுக்கை இருந்தால் ஆறு பெல்ட் இருக்கும் என்றில்லை. அந்தக் கால வண்டிகள் சிலவற்றில் பின்னால் பெல்ட்டே இராது. பக்கவாட்டு இருக்கையில் குழந்தை சீட் பொருத்தவும் கூடாது.

இந்த வயது வண்டிக்கு எமன் மழைநீர்க் கசிவுதான். ஈரமானியோடு போய் ஜன்னல் மூலைகள், ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கையின் முன்விளிம்பு, அலமாரிகளின் உட்புறம் எல்லாம் பாருங்கள். ஈரம் 15 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கலாம். பழுதுச் செலவு ஆயிரக்கணக்கில் போகும். புதிதாக ஒட்டிய சுவர்த்தாள், தூக்கலான ரூம் ஸ்ப்ரே வாசனை இரண்டையும் நம்பாதீர்கள்.

1997-க்குப் பிறகு கார் லைசன்ஸ் எடுத்தவர் என்றால் நீங்கள் ஓட்டக்கூடிய வண்டியின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. காலி எடை 3,100 என்றால் மிச்சம் 400. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதுவே 100 கிலோ. மீதியில் குடும்பம், சைக்கிள், சாமான். எடைமேடையில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

லண்டனுக்குள் போவதென்றால் இந்தப் பழைய டீசல் வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு மாசுக் கட்டணம்.

ஆண்டுக்கு இரண்டு வாரம்தான் பயணம் என்றால் வாடகை வண்டியே மலிவு. அடிக்கடி போவீர்களானால் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன் பாருங்கள்: தனி எஞ்சின் இல்லை, 2021 டிசம்பர் முதல் இழுப்பதற்குத் தனித் தேர்வும் இல்லை.