சேகரிப்பதற்கு எது சிறந்தது: முதல் தலைமுறை ஹோண்டா என்எஸ்எக்ஸா, ஃபெராரி எஃப்355ஆ?

ஓட்டுவதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால், என் பதில் என்எஸ்எக்ஸ்.

1990-இல் வந்தபோது, உடல் முழுவதும் அலுமினிய மோனோகாக்காக (உடலும் சட்டகமும் ஒன்றான அமைப்பு) அமைந்து தொடர் உற்பத்திக்குப் போன முதல் கார் அது. எஞ்சின் 3.0 லிட்டர் வி6, எஞ்சின் வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் விடெக் தொழில்நுட்பம், பிஸ்டன்களை கிராங்க் தண்டோடு இணைக்கும் டைட்டானியம் கனெக்டிங் ராடுகள். உருவாக்கத்தின்போது ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்டன் சென்னா, சட்டகம் இன்னும் உறுதியாக வேண்டும் என்றார். ஹோண்டா அதைச் செய்தது. மெக்லாரன் எஃப்1 என்ற சூப்பர்காரை வடிவமைத்த கார்டன் மரே, தன் காருக்கு அளவுகோலாக இதைத்தான் வைத்துக்கொண்டார். அதிவேகக் கார் என்றால் ஓட்டுபவர் சிரமப்பட்டே ஆக வேண்டும் என்பதை ஜப்பானியப் பொறியாளர்கள் ஏற்கவில்லை. சுற்றிலும் நன்றாகத் தெரியும், தினமும் எடுத்துப் போகலாம்.

1994-இல் வந்த எஃப்355 வேறு மனநிலையில் பிறந்தது. 3.5 லிட்டர் வி8, சிலிண்டருக்கு 5 வால்வு, எஞ்சின் 8,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 8,500 சுற்று) வரை ஏறும். அந்தச் சத்தத்துக்கு முன்னால் என்எஸ்எக்ஸ் அடக்கமானதுதான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கழற்றி இறக்குகிறார்கள். என்எஸ்எக்ஸில் அந்த வேலையே இல்லை, எஞ்சின் இருந்த இடத்திலேயே பெல்ட்டை மாற்றிவிடலாம்.

சரி, எஃப்355-தான் வேண்டும் என்று மனம் கேட்டால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) விரிசல், வால்வு கைடு (வால்வு ஏறி இறங்கும் குழல்) தேய்மானம் இரண்டையும் சோதிக்காமல் முன்பணம் தராதீர்கள்.