வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி-பதில்: லேசான துப்பாக்கி தோளுக்கும் லேசா?

கே: நான் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி. லைசன்ஸோடு ஒரு 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். எடை 3.4 கிலோ. வயதாகிவிட்டது. கடையில் 2.7 கிலோவில் ஒன்று காட்டினார்கள், தூக்கவே சுகமாக இருக்கிறது. செம்பனைக் கன்றைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கும், ஞாயிறுதோறும் கிளப்பில் வானில் வீசும் களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடவும் அது ஒன்றே போதுமா? (கோல கங்சார் வாசகர்)

ப: ஐயா, கடையில் தூக்கிப் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த ரகத்தில் உடல் பகுதி அலுமினியக் கலவை. பெரெட்டா அல்ட்ராலைட் போன்றவற்றில் தோட்டாவின் பின்பக்கம் அழுந்துகிற இடத்தில் டைட்டானியத் தகடு பதித்திருப்பார்கள், அதனால் உறுதி குறையாது. ஆனால் அதே தோட்டாவை 3.4 கிலோவில் சுடுவதைவிட 2.7 கிலோவில் சுட்டால் தோளில் விழும் உதை ஏறக்குறைய கால் பங்கு கூடும்.

பன்றிக்காக நாள் முழுக்க நிரை நிரையாக நடந்தாலும் சுடுவது இரண்டு மூன்று முறைதான். அங்கே லேசான துப்பாக்கி வரம். களிமண் தட்டில் ஒரு சுற்றே 25. இரண்டாம் சுற்றில், வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பறக்கும் தட்டுக்கு விசையை அழுத்திய பிறகும் குழல் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். கனமான குழல் தன் எடையிலேயே போய்க்கொண்டிருக்கும். லேசானது வேகமாகக் கிளம்பி, வேகமாக நின்றும் விடும். குண்டு தட்டுக்குப் பின்னால் போகும்.

ஆகவே பணம் கட்டும் முன் கிளப் மேற்பார்வையில், முறையான அனுமதியோடு, அதே ரகத்தில் ஒரு முழுச் சுற்று சுட்டுப் பாருங்கள். தட்டுக்கு 24 அல்லது 28 கிராம் குண்டு அடைத்த தோட்டா போதும், ஒலிம்பிக்கிலேயே 24 கிராம்தான். கடைசியில் வேட்டைக்கு நீங்கள் போடும் கனத் தோட்டாவில் இரண்டு. மறுநாள் காலையில் தோள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தால், பார்வை குழலின் நடுக்கோட்டில் நேராக ஓடவேண்டும். ஓடவில்லை என்றால் தோளில் பதியும் பின்கட்டையின் அளவு உங்களுக்குச் சரியில்லை.

ஞாயிறுதோறும் தட்டு சுடுகிறவருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சுமப்பதுதான் கஷ்டம் என்றால் பழையதற்கு நல்ல தோள்வார் ஒன்று போடுங்கள்.

கே: நண்பர் தன் லேசான துப்பாக்கியை ஒரு வாரம் இரவல் தருகிறார். எனக்கு லைசன்ஸ் இல்லை. தோட்டத்துக்குள்தானே, சுட்டுப் பார்க்கலாமா? (லிந்தாங் வாசகர்)

ப: கூடாது. மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டப்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு.

கே: சுடும்போது போடும் காது மூடி, எலக்ட்ரானிக் ரகம், 380 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மூன்றாம் வாரமே ஒரு பக்கம் செத்துவிட்டது. கடைக்காரர் சுவரில் இருக்கும் போர்டைக் காட்டுகிறார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' என்னிடம் ரசீது இருக்கிறது. (சுங்கை சிப்புட் வாசகி)

ப: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த போர்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். நம் ஊரில் மளிகைக் கடையில் இருந்து போன் கடை வரை அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், நம் ஜனங்களும் சட்டமே அதுதான் என்று நம்பித் திரும்பி வருகிறார்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விற்கும் பொருள் தரமாக இருக்கவேண்டும் என்கிறது. அந்தப் பொறுப்பிலிருந்து கடைக்காரர் எந்த போர்டை மாட்டியும் கழன்றுகொள்ள முடியாது. மனம் மாறியதால் திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. முதலாவதை அவர் மறுக்கலாம்.

பால்மரக் காட்டுக்கென்று நான் வாங்கிய ரப்பர் பூட்ஸ் ஒரே மாதத்தில் அடி பிய்ந்தது. அந்தக் கடையிலும் இதே போர்டைத்தான் காட்டினார்கள். சட்டத்தைச் சொன்னதும் பணம் வந்தது.

முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்சாப் செய்தியும் எழுத்துதான். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வாங்கி 3 ஆண்டுக்குள் மனு போடவேண்டும். வக்கீல் தேவையில்லை. ரசீதின் எழுத்து மங்கும் முன் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

கே: என்னுடையது 12 போர், மகளுடையது 20 போர். சிக்கனத்துக்காக இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறோம். பெரிய பையாக எது வாங்கலாம்? (சாலாக் வாசகர்)

ப: பையா கேட்கிறீர்கள்? 20 போர் தோட்டா 12 போரைவிடச் சிறியது; அது 12 போர் குழலுக்குள் நழுவி, கொஞ்சம் தள்ளிப் போய் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியை மடக்கித் திறந்து பார்த்தால், தோட்டா போடும் இடம் காலியாகத்தான் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று மேலே ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால், முன்னால் கை பிடிக்கும் இடத்திலேயே குழல் வெடிக்கும். இருபதைப் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்த ஆபத்துக்காகத்தான். ஆளுக்கொரு பை வாங்குங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். அதுவரை மகளின் தோட்டாவை உங்கள் பையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.