டோஸ் கணக்கு உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்

வணக்கம் சகோதரரே. அணுமின் நிலையத்தில் 3 மாத ஒப்பந்த வெல்டிங் வேலை முடிந்து, மார்பில் மாட்டிய பேட்ஜை வாங்கிக்கொண்டார்கள், எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று மேஸ்திரி சொல்ல மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மனசு பதறியது.

மேஸ்திரியிடம் மல்லுக்கட்ட வேண்டாம், அந்த அளவு அவர் கையில் இல்லை. கதிர்வீச்சை அளக்கும் அந்த டிஎல்டி பேட்ஜுக்குள் மூன்று சின்ன வெள்ளை வில்லைகள் இருக்கும். அவற்றைச் சூடாக்கினால் வரும் ஒளியை அளந்துதான் டோஸை, அதாவது உடலில் ஏறிய கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அது உங்கள் பெயரிலேயே பதிவாகும். 2004 கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆண்டுதோறும், கேட்கும்போதும், வேலையை விட்டு விலகும்போதும் தொழிலாளிக்கு அதைக் கொடுத்தே ஆகவேண்டும். ஒப்பந்தக்காரர் என்றாலும் தப்ப முடியாது.

பேட்ஜ் எண், வேலை பார்த்த தேதிகளோடு நிலையத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள். பதில் இல்லையா, மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள்.

டோஸ் அளவு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்: உச்சவரம்பு ஓராண்டில் 30 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு), தொடர்ந்து 5 ஆண்டுகளில் மொத்தம் 100. அப்புறம், அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். பழைய டோஸும் கணக்கில் சேரும்.