துடுப்புத் தண்டில் வழியும் உப்புநீர்

கேள்வி: வார இறுதிகளில் புலாவ் உபின் தீவுப் பக்கம் கடலில் கயாக் (இருபுறமும் இலையுள்ள துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஓட்டுகிறேன். துடுப்புத் தண்டு வழியாகத் தண்ணீர் வழிந்து கையும் மடியும் நனைகின்றன. கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வேறு. என்ன செய்யலாம்?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: எனக்கும் முதல் வருடம் முழுக்க இதே தொல்லைதான். முதலில், வழியும் நீரைத் தடுக்கத் தண்டில் இருக்கும் ரப்பர் வளையங்களைப் பாருங்கள். அவற்றின் குழிந்த பக்கம் துடுப்பின் இலையை, அதாவது தண்ணீரைத் தள்ளும் தட்டையான பகுதியை, பார்த்திருக்க வேண்டும். பலருக்கு வளையம் வழுக்கி இலையோடு ஒட்டிப் போயிருக்கும். அப்படியானால் ஒவ்வொரு முறை துடுப்பு போடும்போதும் வளையமே முங்கி, ஒரு கரண்டித் தண்ணீரை அள்ளிவரும். இலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துடுப்பு போடும்போது அது தண்ணீருக்கு மேலேயே நிற்க வேண்டும்.

அப்புறம் மேல் கை. அது தலைக்கு மேல் போனால் இலையில் தங்கிய நீர் நேராகத் தண்டில் இறங்கும், எந்த வளையமும் முழுதாகத் தடுக்காது. தோள் உயரத்துக்குள் வைத்துப் பழகுங்கள்.

சரி, கொப்புளம்? நனைவதைவிட, நனைந்து காய்வதுதான் மோசம். வெயிலில் தண்டின்மேல் வெள்ளைப் பொடி படியும், விரலால் தடவினால் நறநறவென்றிருக்கும். அந்த உப்புதான் தோலை அறுக்கிறது. தண்டை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை குடிநீரில் கொஞ்சம் ஊற்றிக் கையையும் தண்டையும் கழுவுங்கள். நான் இதற்கென்றே தனியாக ஒரு லிட்டர் எடுத்துப் போகிறேன்.