ஆப்பிரிக்காவுக்குப் போன சட்டையா, போகாத சட்டையா?

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பழம்பொருள் சந்தையில் ஒரு கடைக்காரர், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் சண்டையிட்ட ஜெர்மன் தளபதி ரோமலின் படையில் இருந்தவர் போட்ட சட்டை என்று ஒன்றைக் காட்டினார். வெளுத்த காக்கி நிறம், மார்பில் கழுகு, கையில் ‘ஆஃப்ரிகாகோர்ப்ஸ்’ என்று அந்தப் படையின் பெயரை நெய்த பட்டை, உள்ளே M43 என்று முத்திரை. 600 யூரோ சொல்கிறார். அசலா? வாங்கலாமா?”

அந்த M43-லேயே பாதி பதில் இருக்கிறது. M என்பது மியூனிக்கில் இருந்த ராணுவ உடைக் கிடங்கு, 43 என்பது சட்டை கிடங்குக்கு வந்த ஆண்டு. ஜெர்மானியப் படை 1941 பிப்ரவரியில் திரிபோலியில் இறங்கியது, 1943 மே மாதம் துனீசியாவில் சரணடைந்தது. அந்தக் கைப்பட்டை 1941 ஜூலையில் வந்தது. 1943 ஜனவரியில் அதற்குப் பதிலாக வெறும் ‘ஆஃப்ரிகா’ என்று எழுதிய வேறு பட்டையை அறிவித்துவிட்டார்கள். அப்படியிருக்க 43-ஆம் வருடச் சட்டையில் பழைய பட்டை எப்படி ஏறியது? பெரும்பாலும் பின்னாளில் யாரோ ஊசி நூலோடு உட்கார்ந்து ஏற்றியதுதான்.

ஆனால் இதை வைத்துச் சட்டையே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். வெப்பநாட்டுச் சீருடை ஆப்பிரிக்காவுக்கு மட்டும் போனதில்லை. சிசிலி, இத்தாலி, கிரீஸ், கிரீட், ரஷ்யாவின் தெற்குப் பகுதி என்று வெயில் அடித்த இடத்துக்கெல்லாம் போனது. ஆகவே நல்ல அசல் சட்டை ஒன்றில், விலை ஏற்றுவதற்காகப் பட்டையை மட்டும் தைத்திருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது சட்டையைத்தான், கடைக்காரர் சொல்லும் தாத்தா கதையை ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது நிறம். தரைப்படைச் சட்டை பிறக்கும்போது காக்கி இல்லை, ஆலிவ் பச்சை. (விமானப்படையினுடையது தொடக்கத்திலிருந்தே மணல் நிறம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வெயிலிலும் துவைப்பிலும் பச்சை வெளுத்து மணல் நிறத்துக்கு வரும்; பளிச்சென்ற பச்சையில் வந்து இறங்கியவனைப் பார்த்தாலே புது ஆள் என்று தெரிந்துவிடும் என்பதால் சிலர் வேண்டுமென்றே வெளுக்க வைத்தார்கள். போலி செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், பிளீச்சில் ஊறப்போட்டு. வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், வெயில் படாத இடத்தில். பாக்கெட் மூடியைத் தூக்குங்கள், காலரைப் புரட்டுங்கள், அக்குள் தையலை விரல் நகத்தால் லேசாகப் பிரித்துப் பாருங்கள். அங்கே கொஞ்சமாவது பச்சை மிச்சம் இருக்க வேண்டும். நான் ஆரம்ப காலத்தில் வாங்கி ஏமாந்த சட்டையில் தையலுக்குள்ளும் மூடிக்கு அடியிலும், ஏன், நூலில்கூட, ஒரே சீராக வெளுத்திருந்தது. வாளிக்குள் முழுதாக முங்கி எழுந்த துணி அப்படித்தான் இருக்கும், எனக்குத்தான் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

இதே தந்திரம் கைப்பட்டைக்கும் உதவும். பட்டையின் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வருடக்கணக்கில் அங்கேயே இருந்த பட்டை என்றால் அடியில் அடர்ந்த நிறத்தில் அதன் நிழல் பதிந்திருக்கும். கழுகுக்கு அடியிலும் அப்படியே. சுற்றிலும் உள்ள அதே வெளுப்பு அடியிலும் இருந்தால், வெளுத்த பிறகு ஒட்டியது.

அளவு முத்திரையையும் விடாதீர்கள். ஐந்து எண்கள் இருக்கும், நடுவில் இருப்பது மார்புச் சுற்றளவு, சென்டிமீட்டரில். கீழ் வரிசையில் இடது எண் சட்டையின் மொத்த நீளம், வலது எண் கை நீளம். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். துவைத்துக் கொஞ்சம் சுருங்கியிருக்கலாம், ஆனால் கை நீளம் ஆறேழு சென்டிமீட்டர் உதைத்தால் எங்கோ இடிக்கிறது. அப்புறம், நாற்பதுகளின் சிப்பாய்கள் ஒல்லி. இன்றைய தொப்பைக்குத் தாராளமாகப் பொருந்துகிற சட்டை என்றால், போர்க்கால வேடம் கட்டுகிறவர்களுக்காகத் தைத்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கையடக்க புற ஊதா விளக்கை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். தையல் நூல் மட்டும் தனியாக நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். சட்டை முழுவதும் ஒளிர்ந்தால், யாரோ ஒரு பாட்டி இன்றைய சோப்புத்தூள் போட்டுத் துவைத்ததாகவும் இருக்கலாம். அதைவிட, தொங்குகிற ஒரு நூலைக் கேட்டு வாங்கி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக உருளும். உருகினால் பேச்சே இல்லை, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, எல்லாச் சின்னமும் அசலாக உள்ள சட்டைக்கு 600 யூரோ மிகக் குறைவு. குறைவாகச் சொல்கிறாரே என்று மகிழ்வதைவிட, ஏன் என்று யோசியுங்கள். சட்டை மேலே சொன்னவற்றில் தேறினால், பட்டையைக் கணக்கில் சேர்க்காமல் பேரம் பேசுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86a பிரிவு ஸ்வஸ்திகா போன்ற சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதைத் தடுக்கிறது. வீட்டுக்குள் வைத்துக்கொள்வது குற்றமில்லை. சந்தையில் கழுகின் காலடியில் உள்ள ஸ்வஸ்திகாவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது இதனால்தான். வாங்கிய கையோடு படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள்.

வாங்கிவிட்டால் துவைக்காதீர்கள், கம்பி ஹேங்கரில் மாட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறைக்குள் அடைக்காதீர்கள். பொத்தான்கள் பெயிண்ட் அடித்த உலோகம், பின்னால் வளையம் போட்டு மாட்டியவை. பெயிண்ட் போன இடத்தில் ஈரம் பட்டால் துரு துணியில் இறங்கும். கழற்றி அடியில் ஒரு துண்டு அமிலமில்லாத தாள் வைத்து மறுபடி மாட்டுங்கள். சட்டையை அதே தாளைச் சுருட்டி உள்ளே வைத்து, அகலமான பெட்டியில் படுக்க வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும்.