சுய பராமரிப்புப் பயிற்சி ஆன்லைனிலா, நேரிலா? முன்னாள் ராணுவ வீரர்களைக் கவனிக்கும் குடும்பத்தாருக்குப் பதில்கள்

தேவையான மொழியோ திறனோ தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்க்க அமெரிக்க ராணுவம் நடத்திய 'மாவ்னி' ஆள்சேர்ப்பில் தேவைப்படும் மொழிகளுள் தமிழும் இருந்தது. அந்த வழியிலோ வேறு வழியிலோ சேர்ந்து, உடல் காயத்தோடும் மனக் காயத்தோடும் திரும்பியவர்களின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை.

கணவருக்குப் போரினால் வந்த பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு). நான் வேலைக்கும் போகிறேன். என்னை நானே கவனித்துக்கொள்ளும் பயிற்சியை எப்படிப் படிப்பது?

ஆன்லைனில் தொடங்குங்கள். விஏ (அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர் நலத் துறை) வழியாகக் கிடைக்கும் 'பில்டிங் பெட்டர் கேர்கிவர்ஸ்' 6 வாரப் பயிற்சி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. குறித்த நேரத்தில் வந்து உட்கார வேண்டியதில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு அந்த வாரப் பாடத்தைப் படிக்கலாம், மற்றவர்கள் எழுதியதற்குப் பதில் போடலாம். அந்த வாரத்துக்கான சின்னத் திட்டத்தையும் நீங்களே போட வேண்டும். 'உடம்பைப் பார்த்துக்கொள்வேன்' என்றால் போதாது. 'செவ்வாய், வியாழன் சாயங்காலம் 20 நிமிஷம் நடப்பேன்' என்று இருக்க வேண்டும்.

சரி, அந்த 20 நிமிஷம் அவரோடு வீட்டில் யார் இருப்பார்? ஆன்லைனோ நேரிலோ, பெரும்பாலான பயிற்சிகள் இங்கேதான் நின்றுபோகின்றன. அதனால் பயிற்சியில் சேரும் அன்றே உங்கள் விஏ மையத்தின் கேர்கிவர் சப்போர்ட் (பராமரிப்பாளர் உதவி) குழுவிடம் மாற்று ஆள் உதவியைக் கேளுங்கள். 'ரெஸ்பைட்' என்று சொன்னால் புரியும். வீரரைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கு விஏ நடத்தும் பிசிஏஎஃப்சி திட்டத்தில் முதன்மைப் பராமரிப்பாளருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் உண்டு. 'கட்டினவள் இருக்கும்போது வெளியாள் எதற்கு' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். அது உங்களுக்கு உரியது.

வீடியோ வகுப்பில் கணவர் பக்கத்திலேயே இருக்கிறார். மனம் விட்டுப் பேச முடியவில்லை.

முடியாதுதான். உங்களுக்கு விஏவின் 'ரீச் விஏ' பயிற்சி பொருந்தும். பயிற்சியாளர் ஒருவர் உங்களோடு மட்டும், போனிலேயே பேசுவார். காரில் உட்கார்ந்தும் பேசலாம். அதில் சொல்லித்தரும் ஒரு மூச்சுப் பயிற்சி: ஆழமாக இழுத்து, சில நொடி நிறுத்தி, மெதுவாக விட்டபடியே மனதை ஆற்றும் ஒரு சொல்லைச் சொல்வது. கணவர் கத்தும்போது அடுப்படியில் நின்றபடியே செய்துவிடலாம்.

மாமனார் வியட்நாம் போரில் இருந்தவர். படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதற்குள் என் இடுப்பு விட்டுப்போகிறது. வீடியோ பார்த்துக் கற்கலாமா?

வேண்டாம், இதை நேரில்தான் கற்க வேண்டும். நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் போடுவது, பிரேக் பூட்டுவது, கால்தாங்கியை ஒதுக்குவது எல்லாம் வீடியோவில் தெரியும். தூக்கும்போது உங்கள் முதுகு வளைவதும் முழங்கால் மடங்காததும் உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கும் பிசியோதெரபிஸ்ட்தான் பார்த்துத் திருத்த முடியும். மாமனாருடைய விஏ மருத்துவரிடம் இதைச் சொல்லி பிசியோதெரபிக்குப் பரிந்துரை கேளுங்கள். இடுப்பைக் காப்பதும் சுய பராமரிப்புதான்.

பயிற்சி முடித்தால் உதவித்தொகை வருமா?

வராது. மாத உதவித்தொகை பிசிஏஎஃப்சி சார்ந்தது; வீரருக்கு விஏ ஊனமுற்ற மதிப்பீடு 70 சதவீதமாவது இருக்க வேண்டும், வேறு நிபந்தனைகளும் உண்டு.

எந்த வகுப்புக்கும் தெம்பில்லை. ராத்திரியெல்லாம் அழுகை.

வகுப்பு அப்புறம். முதலில் விஏவின் பராமரிப்பாளர் உதவி எண்ணான கேர்கிவர் சப்போர்ட் லைனை அழையுங்கள்: 855-260-3274. இது 24 மணி நேர எண் அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்று உங்களுக்கோ நீங்கள் கவனிக்கும் வீரருக்கோ தோன்றினால் எந்நேரமும் நெருக்கடி உதவி எண் 988 அழைத்து 1 அழுத்துங்கள், குடும்பத்தாரும் பேசலாம்.